தங்கப் பாப்பி முன்பைவிடச் சீக்கிரம் பூக்கிறதா? டூசான் மலைப் பூங்காவின் ஹெர்பேரியத் தாள்களை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

அரிசோனாவில் டூசான் நகரின் மேற்குப் பக்கம் நீளும் டூசான் மலைத்தொடர் உயரத்துக்குப் பேர் போனதல்ல. அதன் உச்சியான வாசன் சிகரமே 1,429 மீட்டர்தான். ஆனால் சொனோரா பாலைவனத்தில் தாவரவியலாளர்கள் இவ்வளவு காலமாக ஏறி இறங்கிய மலைகள் அதிகம் இல்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமிக்கும் காப்பகம், 1891இல் தொடங்கியது. மலையின் கிழக்கு விளிம்பிலுள்ள டுமாமாக் குன்றில் கார்னகி நிறுவனம் 1903இல் பாலைவன ஆய்வகம் அமைத்தது. 1929இல் பீமா கவுன்ட்டி (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) இந்த மலையின் பெரும்பகுதியை டூசான் மலைப் பூங்காவாக்கியது. நூறாண்டுக்கு மேலாக இங்கே செடிகள் பறிக்கப்பட்டு, அழுத்தி உலர்த்தப்பட்டு, தாளில் ஒட்டப்பட்டு வந்திருக்கின்றன.

அப்படி ஒட்டப்பட்டவற்றில் மெக்சிகன் தங்கப் பாப்பியும் ஒன்று. ஓராண்டுச் செடி. இலையுதிர் காலத்திலோ குளிர்காலத் தொடக்கத்திலோ பெய்யும் நல்ல மழையில் முளைத்து, பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பூத்து, வெயில் ஏறும்போது காய் வெடித்துக் காய்ந்துவிடும். மழை பொய்த்த ஆண்டில் சரிவில் ஒரு செடிகூடக் கண்ணில் படாது. விதைகள் மண்ணில் காத்திருக்கும். மழை சரியாக அமைந்த ஆண்டில் சரிவு முழுக்க ஆரஞ்சு நிறம்தான்.

இந்த ஆய்வின் கேள்வி ஒன்றுதான்: நூறாண்டுக்கு முன் பூத்ததைவிட இந்தப் பாப்பி இப்போது சீக்கிரம் பூக்கிறதா, அதற்கான பதில் ஹெர்பேரியத் தாள்களில் இருக்கிறதா? இணையத் தரவுத்தளத்தில் பெயரைத் தட்டி, தேதிகளை வரிசைப்படுத்தி, ஒரு கோடு போட்டால் ஐந்து நிமிடத்தில் ஏதோ ஒரு பதில் வந்துவிடும். அந்தப் பதிலை ஏன் நம்பக் கூடாது, எதை நம்பலாம் என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கிறேன்.

பெயரில் தவறும் தாள்கள்

முதல் சிக்கல் தேடலிலேயே வந்துவிடுகிறது. 1885இல் எட்வர்ட் லீ கிரீன் இந்தப் பாப்பியைத் தனி இனமாக, எஷ்ஷோல்ட்சியா மெக்சிகானா என்று விவரித்தார். 1986இல் கர்ட்டிஸ் கிளார்க் இதை எஷ்ஷோல்ட்சியா கலிஃபோர்னிகா இனத்தின் துணையினமாக வகைப்படுத்தினார். இரண்டு பெயர்களிலும் தாள்கள் இருக்கின்றன. சில தாள்களில் துணையினம் குறிப்பிடாமல் வெறும் கலிஃபோர்னிகா என்று மட்டும் இருக்கும். பேரினப் பெயரின் எழுத்துக்கூட்டலும் இரண்டு விதம். மூல விவரிப்பில் இல்லாத ஒரு எழுத்தைப் பலர் பின்னாளில் சேர்த்து எழுதிவிட்டார்கள். ஒரே பெயரைத் தேடினால் ஒரு பகுதித் தாள்கள் மட்டுமே கையில் வரும், அதிலும் குறிப்பிட்ட காலகட்டத்தின் தாள்களே தவறிப்போகும். காலமாற்றத்தைப் பார்க்கும் ஆய்வுக்கு இதைவிடப் பெரிய கேடு வேண்டாம்.

இன்னொன்று, நெடுஞ்சாலை ஓரங்களில் காட்டுப்பூ விதை தூவும் வழக்கம் அரிசோனாவில் உண்டு. சாலையோரத்துப் பாப்பி மலையின் சொந்தப் பாப்பியாக இருக்க வேண்டும் என்பதில்லை. தாளில் ஒட்டிய விவரச் சீட்டில் சாலையோரம் என்று இருந்தால் அந்தத் தாளைத் தனியே எடுத்து வைப்பதே சரி.

அடையாளத்தைப் பொறுத்தவரை இந்தச் செடி நமக்கு ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. உலர்ந்த பாப்பியின் இதழ்கள் சீக்கிரம் உதிரும், உதிராதவையும் நிறம் மங்கி வெளிறிப்போகும். ஆனால் இதழ்களுக்கு அடியில் பூக்காம்பு நுனியில் தட்டையாக விரிந்த ஒரு விளிம்பு இருக்கும். பூ போன பிறகும், காய் முற்றிய பிறகும், தாளில் எத்தனை ஆண்டு கிடந்தாலும் அது அப்படியே நிற்கும். சிறுபூப் பாப்பியான எஷ்ஷோல்ட்சியா மினுட்டிஃப்ளோராவுக்கு இந்த விரிந்த விளிம்பு கிடையாது. இதழே இல்லாத பழைய தாளைக்கூட ஒரு கைலென்ஸ் வைத்துப் பார்த்து உறுதி செய்துவிடலாம். தாளின் படம் நல்ல தெளிவில் இருந்தால் திரையிலேயே தெரியும்.

“பூங்கா” எந்தப் பூங்கா?

இந்த ஆய்வில் அதிக நேரம் பிடிப்பது இடம்தான், அந்த நேரத்துக்கு அது தகுதியானதும்கூட.

பழைய சீட்டுகளில் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது. “டூசான் மலைப் பூங்கா”, “கேட்ஸ் கணவாய் அருகில்”, “டூசானுக்கு மேற்கே சில மைல்” என்றுதான் இருக்கும். படிக்கத் தெளிவாகத்தான் தெரிகிறது. ஆனால் பூங்காவின் எல்லை ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1961இல் அதிபர் கென்னடியின் அரசு, இந்தப் பூங்காவின் வடபகுதியில் சுமார் 15,000 ஏக்கரைச் சாகுவாரோ தேசிய நினைவுச்சின்னம் என்ற பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதியோடு சேர்த்தது. அதுவே 1994இல் சாகுவாரோ தேசியப் பூங்காவானது. வாசன் சிகரம் இருப்பதும் அந்தப் பகுதியில்தான். ஆக, 1940களின் சீட்டில் “டூசான் மலைப் பூங்கா” என்றிருந்தால் அந்த இடம் இன்றைய கவுன்ட்டிப் பூங்காவிலும் இருக்கலாம், இன்றைய தேசியப் பூங்காவிலும் இருக்கலாம். இன்றைய எல்லைக்கோட்டை வைத்துத் தாள்களை வடிகட்டினால் பழைய தாள்களில் ஒரு பங்கு சத்தமில்லாமல் வெளியே போய்விடும்.

இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு. சாகுவாரோ தேசிய நினைவுச்சின்னம் 1933இல் அறிவிக்கப்பட்டபோது அது நகரின் கிழக்கே ரிங்கான் மலையடிவாரத்தில் மட்டுமே இருந்தது. மேற்குப் பகுதி சேர்ந்தது 1961இல். எனவே 1961க்கு முந்தைய சீட்டில் “சாகுவாரோ தேசிய நினைவுச்சின்னம்” என்று இருந்தால் அது டூசான் மலையே அல்ல, நகரின் மறுகோடியிலுள்ள வேறொரு மலை. அதற்குப் பிந்தைய சீட்டில் அதே சொற்கள் இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். சீட்டின் தேதியைப் பார்க்காமல் இடப்பெயருக்கு மட்டும் புள்ளி வைக்கும் எந்த மென்பொருளும் இங்கே தடுக்கி விழும். ஆண்டையும் இடத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சில சேகரிப்பாளர்கள் நில அளவைக் கட்டத்தைக் குறித்திருப்பார்கள். அமெரிக்க நில அளவையில் ஒரு செக்‌ஷன் என்பது ஒரு மைல் பக்கமுள்ள சதுரம். செடி அந்தச் சதுரத்தில் எங்கே நின்றது என்று தெரியாததால் நடுவில் புள்ளி வைத்து, நடுவிலிருந்து மூலை வரையுள்ள தூரத்தைப் பிழை எல்லையாகக் கொள்வது வழக்கம். அது சுமார் 1.14 கிலோமீட்டர். செக்‌ஷன் எண் இல்லாமல் ஆறு மைல் பக்கமுள்ள டவுன்ஷிப் மட்டும் இருந்தால் பிழை எல்லை சுமார் 6.8 கிலோமீட்டருக்குப் போய்விடும். கையடக்க ஜிபிஎஸ் வந்த பிறகும் 2000 மே மாதம் வரை பொதுப் பயன்பாட்டுக்கான சிக்னல் வேண்டுமென்றே பிசகாக்கப்பட்டிருந்தது. நூறு மீட்டர்வரை தள்ளிக் காட்டும்.

வெறும் வரைபடத்துக்கு இந்தப் பிழை பெரிதில்லை. பூக்கும் காலத்தைப் பார்க்கும்போது பெரிது. செங்குத்தான மலையில் ஒரு கிலோமீட்டர் நகர்ந்தால் உயரம் 200 மீட்டர் மாறிவிடலாம். 200 மீட்டர் ஏறினால் சராசரியாகச் சுமார் 1.3 டிகிரி செல்சியஸ் குறையும். தெற்கு பார்த்த சரிவும் வடக்கு பார்த்த சரிவும் தரும் வித்தியாசம் அதற்கு மேல். பழைய தாள்கள் மலையின் மேலேயிருந்தும் புதிய தாள்கள் கீழே சாலைக்கு அருகிலிருந்தும் வந்திருந்தால், மலை அசையாமலே “நூறாண்டில் வெப்பம் கூடிவிட்டது” போன்ற தோற்றம் கிடைக்கும். இடத்தின் மங்கல் காலத்தின் மாற்றமாக வேஷம் போடுவது இப்படித்தான்.

இதில் என் நிலைப்பாடு கறாரானது. பிழை எல்லை ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும் தாள்கள் “இந்த மலையில் இந்தச் செடி உண்டு” என்பதற்குச் சான்றாகலாம், பூக்கும் நாளுக்குச் சான்றாகக் கூடாது.

தேதியும் தேதியை எழுதியவரும்

அடுத்து தேதி. சேகரித்த நாள் தெரியாத தாள்களைத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது மாதமும் நாளும் காலியாக விடப்படாமல் ஜனவரி 1 என்று பதிவாகிவிடுவதுண்டு. முன்பூப்பைத் தேடுகிறவருக்கு ஜனவரி 1 ஒரு பொறி. அதேபோல் ஒருவர் ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுத்த செடிகளைப் பிரித்துப் பல ஹெர்பேரியங்களுக்கு அனுப்புவார். தரவுத்தளத்தில் அவை தனித்தனிப் பதிவுகளாக நிற்கும். சேகரித்தவர் பெயரையும் சேகரிப்பு எண்ணையும் ஒப்பிட்டு ஒன்றாக்காவிட்டால் ஒரே மதியம் மூன்று நான்கு முறை எண்ணப்படும்.

இதைவிட ஆழமான விஷயம், தாளில் இருப்பது செடி பூத்த நாள் அல்ல, ஒருவர் அங்கே போன நாள். பாப்பி கொட்டிக் கிடக்கும் ஆண்டில் எல்லோரும் போகிறார்கள், வறண்ட ஆண்டில் போவதில்லை. மார்ச் நடுவில் பருவம் உச்சத்தில் இருக்கும்போது போகிறார்கள், முதல் பூ விரியும் நாளில் அங்கே யாரும் நிற்பதில்லை. போகிறவர்களும் கண்ணைக் கட்டும் அளவுக்குப் பூத்த பாப்பியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் அரிய செடியைத்தான் பறிக்கிறார்கள். எங்கும் கிடக்கும் செடிக்கு அழுத்தியில் இடம் கிடைப்பது அரிது. இது எனக்குச் சொல்லிமாளாத வருத்தம் தரும் விஷயம். ஒரு மலையின் நிறத்தையே மாற்றும் செடிக்கு எத்தனையோ ஆண்டுகளில் ஒரு தாள்கூட இல்லை என்றால் அந்த ஆண்டுகளைப் பற்றி நாம் எதுவும் சொல்ல முடியாது. தாள் இல்லாத ஆண்டைப் பூ இல்லாத ஆண்டாகப் படிப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

சேகரிப்பவரின் இந்த நடமாட்டத்தைத் தாண்டி உண்மையைப் பிடிக்க முடியுமா? முடியும் என்று இதே நிலப்பரப்பில் ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் ஜேனிஸ் பவர்ஸ் 2007இல் வடக்குச் சொனோரா பாலைவனத்தின் புதர்களை எடுத்துக்கொண்டார். பூப்பதற்குத் தேவையான மழைத் தூண்டலையும் வெப்பக் கூட்டுத்தொகையையும் (நாள்தோறும் சேரும் வெப்பத்தின் மொத்தம்) வைத்து, 1894 முதல் 2004 வரை வசந்தகாலப் பூப்பு 20 முதல் 41 நாள்வரை முன்னால் வந்திருக்கலாம் என்று கணித மாதிரிகள் மூலம் முதலில் கணித்தார். பிறகுதான் ஹெர்பேரியத்துக்குப் போனார். அங்கே அவர் எண்ணியது பூத்த தாள்களை மட்டுமல்ல. ஒவ்வொரு மாதத்திலும் எடுக்கப்பட்ட தாள்களில் பூத்த நிலையில் இருந்தவை எத்தனை பங்கு என்று பார்த்தார். இருபதாம் நூற்றாண்டு முழுவதும் மார்ச் மாதப் பங்கு கூடியது, மே மாதப் பங்கு குறைந்தது. சேகரிப்பாளர்கள் ஆண்டின் முற்பகுதிக்கு நகர்ந்தார்களா என்று தனியாகவும் சோதித்தார். நகரவில்லை.

பங்கைப் பார்த்ததுதான் அந்த ஆய்வின் சாமர்த்தியம். ஒரு மாதத்தில் பத்துப் பேர் போனாலும் நூறு பேர் போனாலும், பூத்தவை பாதி என்றால் பாதிதான். போனவர்களின் எண்ணிக்கை கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது.

அதே வழியைப் பாப்பிக்கு அப்படியே எடுத்துப் போட முடியாது. புதர் ஆண்டு முழுவதும் நிற்கும், பூ இல்லாமலும் அதை அடையாளம் கண்டு பறிப்பார்கள். ஓராண்டுப் பாப்பியைப் பூ இல்லாதபோது யார் பறிக்கிறார்கள்? ஜனவரியில் அது தரையோடு ஒட்டிய பிளவுபட்ட சாம்பல்பச்சை இலைக்கொத்து. ஜூனில் காய்ந்த குச்சி. அதனால் பாப்பித் தாள்கள் ஏறத்தாழ எல்லாமே பூவோடுதான் இருக்கும். மார்ச்சிலும் பங்கு முழுமை, ஏப்ரலிலும் முழுமை. பவர்ஸின் அளவுகோல் இங்கே அசையவே அசையாது.

தாளுக்கு உள்ளே பார்ப்பது

பாப்பியின் பதில் தாளின் தேதியில் இல்லை, தாளின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் செடியில்தான் இருக்கிறது என்பது இந்த ஆய்வில் நான் வந்து சேர்ந்த இடம்.

சின்ன ஓராண்டுச் செடி என்பதால் சேகரிப்பவர் வேரோடு முழுச் செடியையும் எடுத்திருப்பார். ஒரே செடியில் எல்லாப் பருவமும் இருக்கும். இரண்டு புல்லிதழ்களும் ஒட்டிக் கூம்புக் குல்லாய் போல மூடிய மொட்டு. குல்லாயைத் தள்ளிவிட்டு நான்கு இதழ் விரித்த பூ. இதழ் உதிர்ந்து, விளிம்புக்கு மேல் ஊசிபோல நீளத் தொடங்கும் பச்சைக் காய். கடைசியாக அடியிலிருந்து இரண்டாகப் பிளந்து வெடித்து, உருண்டை விதைகளைத் தெறிக்கவிட்ட முற்றிய காய். அந்த விதைகளில் சில தாளில் ஒட்டிய சிறு உறைக்குள் இன்னும் கிடக்கும். இவற்றை எண்ணினால் அந்தச் செடி தன் பருவத்தில் எவ்வளவு தூரம் போயிருந்தது என்று தெரிந்துவிடும்.

லவ், பார்க், மேசர் ஆகிய மூவரும் 2019இல் ஸ்ட்ரெப்டாந்தஸ் டார்ச்சுவோசஸ் என்ற கலிஃபோர்னிய மலைச்செடியின் ஹெர்பேரியத் தாள்களில் இந்த வழியைச் செய்து காட்டினார்கள். மொட்டுக்கு 1, பூவுக்கு 2, இளங்காய்க்கு 3, முற்றிய காய்க்கு 4 என்று மதிப்பிட்டுச் சராசரி எடுப்பது. பாப்பிக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். மார்ச் 20ஆம் தேதியிட்ட இரண்டு தாள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் தாளில் 4 மொட்டு, 6 பூ, 8 இளங்காய், 2 முற்றிய காய்: மதிப்பு 2.4. இரண்டாவதில் 1 மொட்டு, 3 பூ, 10 இளங்காய், 6 முற்றிய காய்: மதிப்பு 3.05. தேதிப் பட்டியலில் இரண்டும் ஒன்றே. செடியின் கணக்கில் இரண்டாவது செடி வெகுதூரம் முன்னால் போய்விட்டது. தேதியை மட்டும் வைத்துக் கோடு போட்டவர் இழந்தது இந்த வித்தியாசத்தைத்தான்.

இன்னொரு நன்மை, சேகரிப்பவர் எந்த நாளில் போனார் என்ற சிக்கலின் பெரும்பகுதி இங்கே தணிகிறது. அவர் போன நாள் எதுவானாலும், அந்த நாளில் செடி எந்த நிலையில் இருந்தது என்று கேட்கிறோம். 1915 மார்ச் நடுவின் செடியும் 2015 மார்ச் நடுவின் செடியும் அடுத்தடுத்து நிற்க முடியும்.

குறைகளும் உண்டு. சேகரிப்பவர்கள் பூ நிறைந்த அழகான செடியையே தேர்ந்தெடுப்பார்கள், அதனால் மதிப்பு 2ஐ நோக்கி இழுபடும். உலர்ந்த தாளில் உதிர்ந்த இதழ்களால் பூவும் இளங்காயும் குழம்பும். காய் இன்னும் நீளாமல் மகரந்தத்தண்டுகள் மிச்சமிருந்தால் பூவாக எண்ணுவது என்று முதலிலேயே ஒரு விதி வைத்து, எல்லாத் தாளுக்கும் அதையே கடைப்பிடித்தால் போதும்.

“சீக்கிரம்” என்றால் எதிலிருந்து?

மதிப்புகள் ஒருவேளை மேலே போவதாகவே காட்டட்டும். அதை உடனே “புவி வெப்பமாதல்” என்று எழுதலாமா? புதருக்கு எழுதுவதுபோல ஓராண்டுச் செடிக்கு எழுத முடியாது, ஏனென்றால் அதன் கடிகாரம் ஓடத் தொடங்குவதே முளைக்கும் மழையிலிருந்துதான்.

டுமாமாக் குன்றில் லாரி வெனபிள் 1982இலிருந்து குளிர்கால ஓராண்டுச் செடிகளைத் தொடர்ந்து கணக்கெடுத்து வந்தார். அந்தத் தரவை வைத்து சாரா கிம்பால், வெனபிள் முதலானோர் 2010இல் வெளியிட்ட முடிவு பலரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது. காலநிலை வெப்பமாகிக்கொண்டிருக்கும்போதே, முளைப்பைத் தூண்டும் மழை அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதனால் விதைகள் முன்பைவிடக் குளிரான நாள்களில் முளைக்கின்றன, குளிர் தாங்கும் இனங்கள் கூடுகின்றன.

இதைப் பாப்பிக்கு வைத்துப் பார்த்தால் இரண்டு விசைகள் எதிரெதிராக இழுக்கின்றன. தாமதமான மழை முளைப்பைத் தள்ளிப்போடும். சூடான பிப்ரவரி வளர்ச்சியை விரட்டும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டினால் பூக்கும் தேதி நூறாண்டாக அசையாமல் நிற்கலாம், செடியின் வாழ்நாளோ சுருங்கிக்கொண்டே போகலாம். அந்தச் சுருக்கம் தேதியில் தெரியாது. தாளில் தெரிய வாய்ப்புண்டு: செடியின் உயரம், கிளைகளின் எண்ணிக்கை, ஒரு செடிக்கு எத்தனை காய் என்று. அவற்றையும் மதிப்போடு சேர்த்து அளந்து, ஒவ்வொரு தாளுக்கும் அந்தக் குளிர்காலத்தில் 25 மி.மீ. அளவிலான முதல் நல்ல மழை விழுந்த நாளை டூசான் வானிலைப் பதிவிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஜனவரி 1லிருந்து எண்ணாமல் அந்த மழை நாளிலிருந்து எண்ணும்போதுதான் பாப்பியின் நாள்காட்டி கையில் வரும்.

ஆக, கேள்விக்கு என் விடை இது. தேதிப் பட்டியலை வைத்து “டூசான் மலையில் தங்கப் பாப்பி முன்பைவிடச் சீக்கிரம் பூக்கிறது” என்று யார் எழுதினாலும் ஏற்க மாட்டேன், “மாறவில்லை” என்று எழுதினாலும் ஏற்க மாட்டேன். பெயரைச் சேர்த்து, எல்லையைச் சரிசெய்து, பிரதிகளை ஒன்றாக்கி, மொட்டும் காயும் எண்ணி, மழை நாளிலிருந்து கணக்கிட்டு வரும் முடிவை ஏற்பேன். தாள்களின் படங்கள் இணையத்தில் கிடைக்கும் இந்தக் காலத்தில் இது எட்டாத வேலையல்ல.

எட்டாதது, எடுக்கப்படாத தாள்தான். கைபேசிப் படங்கள் அந்த இடத்தை நிரப்பும் என்று சொல்கிறார்கள். பூ இருந்த இடத்தையும் நாளையும் அவை துல்லியமாகச் சொல்லும், அதில் சந்தேகமில்லை. ஆனால் படம் எடுப்பவர் பூவை மட்டும் நெருங்கி எடுக்கிறார். காய்கள் சட்டத்துக்கு வெளியே போய்விடும், செடியின் உயரம் தெரியாது, விதை உறை கிடையாது.

அடுத்த நல்ல மழை ஆண்டில் இந்த மலைக்கு அனுமதியோடு போகும் சேகரிப்பாளர் பாப்பியைத் தாண்டிப் போகாமல் குனிய வேண்டும். கவுன்ட்டிப் பூங்காவுக்கும் தேசியப் பூங்காவுக்கும் அனுமதி தனித்தனி. தேசியப் பூங்காவில் எடுத்த தாவர மாதிரி எந்த ஹெர்பேரியத்தில் இருந்தாலும் கூட்டரசின் சொத்தாகவே பதிவாகும். எனவே எந்தப் பக்கத்தில் எடுத்தது என்பது சீட்டில் முதல் வரியிலேயே இருக்கட்டும். பிறகு ஆயத்தொலைவும் அதன் பிழை எல்லையும், உயரம், சரிவு பார்க்கும் திசை, சாலையிலிருந்து தூரம், அன்று அந்தச் சரிவில் எத்தனை செடி இருந்தன என்ற ஒரு மதிப்பீடு, அவற்றில் பெரும்பான்மை மொட்டிலா பூவிலா காயிலா என்ற ஒரு வரி. அழகான செடி ஒன்று, கைக்கு முதலில் பட்ட செடி ஒன்று என இரண்டையும் ஒட்டி, எது எது என்று குறித்துவிட்டால் தேர்ந்தெடுப்பதால் வரும் சாய்வையும் பின்னால் வருபவர் அளந்துகொள்வார்.